பட்டு நூல் விட்டுப்போன துளை

மேற்கை எலும்பு முறிந்து, மாதக்கணக்கில் சிம்பு வைத்துக் கட்டியும் கூடாமல் போனால், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே இயற்கையில் இல்லாத ஒரு மூட்டு உண்டாகிவிடும். கையைத் தூக்கினால் அந்த இடத்தில் மடியும்; ஒரு செம்பு நீரைக்கூட ஏந்த முடியாது. பொய்மூட்டு என்று பெயரிடப்பட்ட இந்தக் கோளாறுக்குப் பழைய ஐரோப்பிய, அமெரிக்க மருத்துவர்கள் பலர் சொன்ன காரணம், எலும்பு சோர்ந்துவிட்டது என்பது. அதனால் அதைச் சீண்டி எழுப்பப் பார்த்தார்கள். முறிந்த முனைகளை ஒன்றோடொன்று தேய்த்தார்கள். தோலின்மேல் கொப்புளம் கிளப்பும் மருந்தைப் பூசினார்கள். இந்த நோய்க்கான அறுவை சிகிச்சை நெடுங்காலம் தடுமாறியதற்கு அந்தத் தவறான கணிப்பே பெருங்காரணம் என்று நான் நினைக்கிறேன். பெரும்பாலான நோயாளிகளின் எலும்புக்கு உயிர்ப்பு குறையவில்லை. அசையாமல் கிடக்க வழிதான் கிடைக்கவில்லை. தொங்கும் கையின் எடை முனைகளைப் பிரிக்கிறது. நாள்பட்ட கட்டில் முழங்கை இறுகிவிட்டாலோ, அங்கே நடக்க வேண்டிய அசைவு முழுவதும் முறிவுக்கு வந்துசேர்கிறது.

சீண்டல் வைத்தியத்தின் புகழ்பெற்ற சான்று பிலடெல்பியாவில் இருக்கிறது. 1802இல் பிலிப் சிங் பிசிக், கூடாத கையோடு வந்த ஒரு மாலுமியின் எலும்பு முனைகளுக்கு நடுவே நீண்ட ஊசியால் பட்டு நூலைச் செலுத்தினார். நூல் மாதக்கணக்கில் உள்ளேயே இருந்தது, சீழ் வடிந்தது, கடைசியில் எலும்பு கூடிவிட்டது. சீண்டியதால்தானே கூடியது என்று கேட்கலாம். அந்த மாலுமி பல்லாண்டு கழித்து இறந்தபின் பிசிக் அந்த எலும்பைப் பெற்றுப் பார்த்தார். முனைகள் கெட்டியாக இணைந்திருந்தன. நடுவில் மட்டும் ஒரு துளை. நூல் போன தடம் அது. நூலைச் சுற்றி எலும்பு வளர்ந்தது, நூல் இருந்த இடத்தில் வளரவில்லை. அழற்சி ரத்த ஓட்டத்தைக் கூட்டியிருக்கலாம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அத்தனை மாதமும் அந்தக் கை கட்டுப்பட்டுக் கிடந்ததையும் கணக்கில் எடுக்க வேண்டும். மான்செஸ்டரின் சார்லஸ் வைட் 1760இலேயே ஒரு சிறுவனின் கூடாத முனைகளை அறுத்துப் பொருத்தியிருந்தார். 1827இல் நியூயார்க்கின் கியர்னி ராட்ஜர்ஸ் முனைகளைத் துளைத்து வெள்ளிக் கம்பியால் பிணைத்தார். சரியான திசையில் கை வைத்தவர்கள் என்று இவர்களைத்தான் சொல்வேன்.

குறை கருத்தில் இல்லை, சீழில்தான் இருந்தது; 1867இல் அறுவை மருத்துவர் லிஸ்டர் கிருமிநாசினி முறையை வெளியிட்டதும் வழி திறந்துவிட்டது என்பது வலுவான மறுப்பு. வழி திறந்தது உண்மை. ஆனால் 1886இல் ஹான்ஸ்மன் எலும்பில் தகடு பொருத்திய பிறகும், லண்டனில் லேன் அதைப் பரவலாக்கிய பிறகும், தகடுகள் துருப்பிடித்தன, திருகுகள் தளர்ந்தன. சீழ் பிடிக்காத இடத்திலும் மெல்லிய தகடு எலும்பை அசையாமல் நிறுத்தவில்லை. முனைகளை ஒன்றோடொன்று அழுத்தி நிறுத்த வேண்டும் என்பதை பிரஸ்ஸல்ஸின் டானிஸ் 1949இல் விளக்கினார். 1958இல் சுவிட்சர்லாந்தில் கூடிய ஏ.ஓ. என்னும் அறுவை மருத்துவர் குழு அதை முறையாக்கியது. அதன்பின் தெரியவந்தது வியப்பானது: முனை பருத்து, ரத்த ஓட்டத்தோடு இருக்கும் பொய்மூட்டில் நடுவிலுள்ள திசுவைத் தொடக்கூட வேண்டாம், இறுக்கி நிறுத்தினாலே அது எலும்பாகிவிடுகிறது.

அப்படியானால் கையை ஆட்டிக்கொண்டே உறைக்கட்டில் பலருக்கு எலும்பு கூடுவது எப்படி? 1977இல் மருத்துவர் சார்மியென்டோ அதைக் காட்டியிருக்கிறாரே? புது முறிவில் சிறிதளவு அசைவு எலும்பைத் தூண்டத்தான் செய்கிறது. மாதங்கள் கடந்தும் பாலம் கட்டப்படாத இடத்தில் அதே அசைவு, புதிதாய் எழும் எலும்பிழைகளை அறுத்துக்கொண்டே இருக்கிறது. என் வாதம் முழுதாகச் செல்லாத இடமும் உண்டு: முனை கூம்பி, ரத்த ஓட்டம் வற்றிய பொய்மூட்டு. அங்கே இறுக்கினால் மட்டும் போதாது, உயிருள்ள எலும்பு வேண்டும். கிளாஸ்கோவின் மெக்கீவன், 1880 வாக்கில், சீழால் மேற்கை எலும்பின் பெரும்பகுதியை இழந்த ஒரு சிறுவனுக்கு, வளைந்த காலை நிமிர்த்தியபோது மற்ற நோயாளிகளிடம் வெட்டியெடுத்த எலும்புத் துண்டுகளை வைத்து அந்தக் கையை மீட்டார். இன்று நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்தே சீவல்களை எடுக்கிறார்கள். முதலில் எலும்பை ஒட்டிச் சுற்றிவரும் ரேடியல் நரம்பைத் தேடிப் பாதுகாத்து, மூடிக்கிடக்கும் மஜ்ஜைக் குழாயைத் துளைத்துத் திறந்து, ரத்தம் கசிவதைப் பார்த்த பிறகு தகட்டை இறுக்கிச் சீவல்களை அடுக்குகிறார்கள்.