வீட்டு வலையமைப்பில் பிரிண்டரைக் கண்டறிதல்

கணினியும் கைப்பேசியும் ஒரே வலையமைப்பிலுள்ள பிரிண்டரைத் தாமாகவே தேடி அறியும் முறை. இதற்குப் பரவலாகப் பயன்படும் எம்டிஎன்எஸ் நெறிமுறையை ஆப்பிள் பொறியாளர்கள் ஸ்டூவர்ட் செஷயர், மார்க் குரோக்மல் வகுத்தனர். 2013இல் அது ஆர்எஃப்சி 6762 என்ற இணையத் தர ஆவணமாக வெளியானது. கணினி 224.0.0.251 என்ற குழு முகவரிக்கு, 5353ஆம் போர்ட் வழியாக, பிரிண்டர் உண்டா என்று கேட்கும். பிரிண்டர் தன் பெயரையும் முகவரியையும் சொல்லும். இந்தக் கேள்வி ரவுட்டரைத் தாண்டிப் போகாது. சிக்கல் தொடங்கும் இடம் அதுதான்.

ஜொகூர் பாரு, ஸ்கூடாய், மாசாய் பக்கத்து இரட்டை மாடி வரிசை வீடுகளை எடுத்துக்கொள்வோம். ஃபைபர் ரவுட்டர் கீழ்த்தளத்தில் இருக்கும். மாடிக்கு சிக்னல் எட்டாததால் இன்னொரு ரவுட்டரை மாட்டுவார்கள். அது தனி வலையை உருவாக்கிவிட்டால், மாடிக் கணினி 192.168.0.5 என்றும் கீழேயுள்ள பிரிண்டர் 192.168.1.20 என்றும் பிரிந்து நிற்கும், தேடினால் கிடைக்காது. இரண்டாம் ரவுட்டரை, தனி வலையை உருவாக்காத ஆக்சஸ் பாயிண்ட் முறைக்கு மாற்றுவதே சரியான தீர்வு. புது பிரிண்டர் வாங்குவது வீண் செலவு.

சிங்கப்பூர் நிறுவன வேலையை வீட்டிலிருந்து பார்ப்பவர்களின் மடிக்கணினியில் விபிஎன் ஓடினாலும் வீட்டுப் பிரிண்டர் மறைந்துவிடலாம். விருந்தினர் வைஃபையும் சாதனங்களைப் பிரித்தே வைக்கும். பழைய பிரிண்டர்கள் பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே எட்டும்; அது இல்லாத வைஃபையில் அவை சேராது.

ரவுட்டரில் பிரிண்டருக்கென ஒரு ஐபி முகவரியை நிரந்தரமாக ஒதுக்கி, அந்த முகவரியைக் கொண்டே கணினியில் சேர்த்துவிடுங்கள்; விபிஎன்னோ விருந்தினர் வைஃபையோ தடுக்காதவரை, தேடல் தவறினாலும் அச்சு வரும்.