உரிமமும் ஆற்றலும்: போர் விமான எஞ்சின் தற்சார்பில் காவேரித் திட்டம் தரும் பாடம்

ஆய்வுச் சுருக்கம்

போர் விமான எஞ்சினைச் சொந்தமாக உருவாக்குவதா, வெளிநாட்டுத் தொழில்நுட்பத்தைப் பெற்றுத் தயாரிப்பதா என்ற விவாதத்தில் இவ்விரண்டும் மாற்று வழிகளாகவே முன்வைக்கப்படுகின்றன. அந்தப் பிரிப்பு தவறு என்பது இக்கட்டுரையின் வாதம். தானே எஞ்சின் வடிவமைத்து, சோதித்து, தவறிப் பழகிய நாட்டுக்கே தொழில்நுட்பப் பரிமாற்றம் பயன்படும். மாருத், விகென், காவேரி ஆகிய இந்திய அனுபவங்களும் சீனா, பிரான்சு ஆகிய நாடுகளின் அனுபவங்களும் இதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

1. முன்னுரை

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், வட செபராங் பிறை மாவட்டத்தில் பட்டர்வொர்த் விமானப்படைத் தளம் இருக்கிறது. அரச மலேசிய விமானப்படை 1997 முதல் இயக்கிவரும் எஃப்/ஏ-18டி ஹோர்னெட் விமானங்களின் தளம் இதுதான். அவற்றை உந்துவது அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் வடிவமைத்த எஃப்404 எஞ்சின். இந்தியாவின் தேஜஸ் விமானத்தில் பொருத்தப்பட்டிருப்பதும் இதே குடும்ப எஞ்சின்தான். 2023 மே மாதம் லங்காவி லீமா கண்காட்சியில் மலேசியா 18 விமானங்களுக்கு ஒப்பந்தமிட்ட தென்கொரியாவின் எஃப்ஏ-50 ரகத்திலும் அதுவே இருக்கிறது.

அந்தத் தேர்வில் தேஜஸும் போட்டியிட்டது. இரண்டில் எது வென்றிருந்தாலும் எஞ்சினுக்கு மூன்றாம் நாடொன்றின் ஏற்றுமதி அனுமதி தேவைப்பட்டிருக்கும். விமானத்தை வடிவமைத்த நாடும் அதை வாங்கும் நாடும் ஒத்துக்கொண்டாலும், எஞ்சினுக்கு உரிய நாடு தலையசைக்காமல் வணிகம் முடியாது. ஆகவே எஞ்சின் தற்சார்பு இந்தியாவுக்கு மட்டும் உரிய கேள்வி அன்று. சொந்த எஞ்சின் பற்றி எண்ணிப் பார்க்காத நாடுகளுக்கும் அது உரியது.

2. எது கைமாறும், எது கைமாறாது

ஜெட் எஞ்சினில் கடினமான பகுதி அதன் வெப்ப மையம்: உயர் அழுத்தக் கம்ப்ரசர், எரிப்பறை, உயர் அழுத்த டர்பைன். டர்பைன் பிளேடுகள் நிக்கல் உலோகக்கலவையால் ஆனவை. அந்தக் கலவை ஏறத்தாழ 1,350 பாகை செல்சியசில் உருகத் தொடங்கும். அதைச் சூழ்ந்து பாயும் வாயுவின் வெப்பமோ அதைவிடப் பல நூறு பாகை அதிகம். பிளேடு உருகாமல் நிற்க மூன்று ஏற்பாடுகள் உண்டு: உலோகம் முழுவதையும் ஒற்றைப் படிகமாக வளர்த்து வார்ப்பது, பிளேடுக்குள் நுண்ணிய துளைகள் வழியே குளிர்காற்றைச் செலுத்துவது, மேற்பரப்பில் வெப்பம் தாங்கும் செராமிக் பூச்சு இடுவது.

உரிம ஒப்பந்தம் பிளேடின் வரைபடத்தையும் வார்க்கும் முறையையும் தரலாம். ஒரு துளை ஏன் அந்தக் கோணத்தில் இருக்கிறது, கலவையில் ஒரு தனிமத்தைக் கூட்டினால் ஆயிரம் மணி நேரத்துக்குப் பின் என்ன ஆகும் என்பவற்றை அது தருவதில்லை. உடைந்த பிளேடுகளும் வெடித்த எஞ்சின்களும் பல பத்தாண்டுகளில் சேர்த்துவைத்த தரவு அது. எந்த நிறுவனமும் அதை விற்பதில்லை. விற்றாலும், அத்தகைய கேள்விகளைத் தானே எழுப்பிப் பார்க்காத பொறியாளருக்கு அதைப் படிக்கத் தெரியாது.

ஒடிசாவின் கோராபுட் இதற்குச் சான்று. 1964-இல் அங்கே நிறுவப்பட்ட இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் (எச்.ஏ.எல்) எஞ்சின் பிரிவு மிக்-21 முதல் சுகோய்-30 வரை பல தலைமுறைச் சோவியத், ரஷ்ய எஞ்சின்களை உரிமத்தில் தயாரித்தது. 2024 செப்டம்பரில் சுகோய் விமானங்களுக்கான 240 ஏஎல்-31எஃப்பி எஞ்சின்களுக்கு ரூ. 26,000 கோடி ஒப்பந்தமும் பெற்றது. அங்குள்ள தொழிலாளர்களின் திறன் மதிப்புக்குரியது. ஆயினும் அறுபது ஆண்டுத் தயாரிப்பு அனுபவத்திலிருந்து ஒரு புதிய போர் விமான எஞ்சின் வடிவமைப்பு பிறக்கவில்லை. தயாரிப்பதும் வடிவமைப்பதும் வெவ்வேறு ஆற்றல்கள்.

3. மாருத்தும் விகெனும்

ஜெர்மானிய வடிவமைப்பாளர் குர்ட் டாங்க் தலைமையில் உருவான இந்தியப் போர் விமானமான எச்.எஃப்-24 மாருத், 1961 ஜூன் 17 அன்று முதலில் பறந்தது. ஒலியை விஞ்சும் வேகத்துக்காக வரையப்பட்ட அந்த உடலுக்கு வலுவான எஞ்சின் கிடைக்கவில்லை. எதிர்பார்த்திருந்த ஆர்ஃபியஸ் 12 எஞ்சினின் உருவாக்கத்தைப் பிரிட்டன் கைவிட்டது. அதற்கு நிதியளிக்க இந்தியாவும் முன்வரவில்லை. வலுக் குறைந்த ஆர்ஃபியஸ் 703 எஞ்சின்களை வைத்தே மாருத் காலம் கழித்தது. அந்த எஞ்சினைப் பெங்களூரில் உரிமத்தில் தயாரிக்கத் தெரிந்திருந்தும், அதை அடுத்த கட்டத்துக்கு உயர்த்தும் ஆற்றல் உரிய காலத்தில் கைகூடவில்லை. அதற்குப் பின்னெரிப்பான் பொருத்தி வலுவூட்டும் முயற்சியில் சோதனை விமானி சுரஞ்சன் தாஸ் 1970 ஜனவரியில் உயிரிழந்தார்.

இரண்டாவது பாடம் 1978-இல் வந்தது. ஸ்வீடனின் விகென் விமானத்தை வாங்குவது பற்றி இந்தியா ஆராய்ந்தபோது அமெரிக்கா அனுமதி மறுத்தது. விமானம் ஸ்வீடன் வடிவமைத்தது. எஞ்சினும் ஸ்வீடனின் வோல்வோ ஆலையில் தயாரானதே. ஆனால் அதன் மூல வடிவம் பிராட் அண்ட் விட்னியின் ஜேடி8டி. உரிமம் பெற்று மாற்றியமைத்த பிறகும் எஞ்சினின் அரசியல் உரிமை முதல் உடைமையாளரிடமே தங்கிவிடும் என்பதை இந்நிகழ்வு காட்டியது.

4. காவேரி: தோல்வியா, பாதியில் நின்ற படிப்பா?

தேஜஸ் விமானத்துக்குச் சொந்த எஞ்சின் உருவாக்கும் காவேரித் திட்டம், பெங்களூரின் எரிவாயு டர்பைன் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு 1989 மார்ச்சில் ரூ. 382.81 கோடியில் வழங்கப்பட்டது. 1996 டிசம்பரில் முடிந்திருக்க வேண்டும். செலவு மதிப்பீடு ரூ. 2,839 கோடியாக உயர்ந்து, கெடு 2009-க்குத் தள்ளிப்போனது. 2008-இல் தேஜஸ் திட்டத்திலிருந்து காவேரி பிரிக்கப்பட்டது. இலக்கு 81 கிலோநியூட்டன் உந்துவிசை, 1,100 கிலோ எடை. எஞ்சின் இலக்கைவிட எடை கூடியும் உந்துவிசை குறைந்தும் நின்றது. இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை இக்குறைகளைக் கடுமையாகச் சுட்டியது. அந்தக் கண்டனம் நியாயமானதே.

ஆனால் அதே கணக்கை வேறு கோணத்திலும் படிக்க வேண்டும். 2021 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் அரசு அளித்த பதிலின்படி, காவேரிக்குச் செலவானது ஏறத்தாழ ரூ. 2,036 கோடி, உருவானவை 9 முழு எஞ்சின்கள், 4 மைய எஞ்சின்கள், சோதனை நேரம் 3,217 மணி. அதே ஆண்டு ஆகஸ்டில் 99 எஃப்404 எஞ்சின்களை வாங்க எச்.ஏ.எல் இட்ட ஒப்பந்தத்தின் மதிப்பு ரூ. 5,375 கோடி. பணத்தின் மதிப்பு காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது என்பதைக் கருத்தில் கொண்டாலும், ஒரே ஒரு கொள்முதலுக்கான தொகை முப்பது ஆண்டு ஆராய்ச்சிச் செலவைப்போல் இரு மடங்குக்கும் மேல் என்பது கவலை தரும் ஒப்பீடு.

சோதனை வசதியின் நிலை இதைவிட மோசம். உயரப் பறத்தலின் சூழலைத் தரையில் உருவாக்கிச் சோதிக்கும் கூடமோ, எஞ்சினைச் சுமந்து பறக்கும் சோதனை விமானமோ திட்டத்துக்குச் சொந்தமாக இல்லை. ரஷ்யாவுக்கு அனுப்பிக் காத்திருந்து சோதிக்க வேண்டியிருந்தது. 2010 நவம்பரில் மாஸ்கோ அருகே ஐஎல்-76 விமானத்தில் பொருத்தப்பட்டே காவேரி முதலில் வானேறியது. எஞ்சின் பொறியியலில் ஒவ்வொரு பிழையும் அடுத்த திருத்தத்துக்கு வழிகாட்டும். பிழையைக் கண்டறிய வெளிநாட்டில் வரிசையில் நிற்கும் நாடு மெதுவாகத்தான் கற்கும்.

பிரான்சின் எம்88 எஞ்சின் சோதனை மேடையில் முதலில் ஓடியதும் 1989-இல்தான். ஆனால் அதன் பின்னே 1948-இல் ஓடிய அட்டார் முதல் எம்53 வரை நாற்பதாண்டுத் தொடர்ச்சி இருந்தது. அட்டாரின் தொடக்கத்தில் பிஎம்டபிள்யூவிலிருந்து வந்த ஜெர்மானியப் பொறியாளர்களின் பங்கு பெரிது. வெளியிலிருந்து வந்த அறிவைப் பிரான்சு ஒரு தலைமுறையோடு விடாமல் அடுத்தடுத்த எஞ்சின்களில் வளர்த்தது. காவேரியை எம்88-இன் முடிவோடு ஒப்பிடுவோர் அந்த நாற்பதாண்டுகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

5. மறுப்புகள்

விமானப்படை காத்திருக்க முடியாது என்பது வலுவான மறுப்பு. 2025 செப்டம்பரில் மிக்-21 ஓய்வுபெற்றபின் இந்தியாவிடம் எஞ்சியவை 29 ஸ்குவாட்ரன்கள். அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை 42. இன்றைய பாதுகாப்புக்கு எஞ்சின் வாங்கத்தான் வேண்டும். ஆனால் வாங்குவதும் காத்திருப்பைத் தவிர்ப்பதில்லை. 2021-இல் கேட்ட 99 எஞ்சின்களில் முதலாவது 2025 மார்ச்சில்தான் வந்தது. முந்தைய தேவை முடிந்து ஐந்தாண்டு மூடிக் கிடந்த தயாரிப்பு வரிசையை மீண்டும் தொடங்க நேர்ந்ததே தாமதத்துக்கு ஜெனரல் எலெக்ட்ரிக் தந்த விளக்கம்.

தொழில்நுட்பத்தைப் பெற்றால் காலம் மிச்சமாகும் என்பது அடுத்த மறுப்பு. ஆனால் சீனாவின் அனுபவம் வேறு. 1975-இல் பிரிட்டனின் ஸ்பே எஞ்சினுக்கு அது உரிமம் பெற்றது. முழு உள்நாட்டுத் தயாரிப்பு கைகூடியது 2000-களின் தொடக்கத்தில்தான். வரைபடம் கையில் இருந்தும், உலோகவியலும் சோதனை மரபும் இல்லாததால் ஒரு தலைமுறை கழிந்தது. சொந்த டபிள்யூஎஸ்-10 எஞ்சினில் பல ஆண்டு தவறித் திருத்திய பின்னரே சீனா தன் போர் விமானங்களில் ரஷ்ய எஞ்சின்களை விலக்கத் தொடங்கியது.

6. ஒப்பந்தத்தில் கேட்க வேண்டியவை

2023 ஜூனில் எஃப்414 எஞ்சினை இந்தியாவில் தயாரிக்க ஜெனரல் எலெக்ட்ரிக் இசைந்தபோது, மதிப்பளவில் 80 விழுக்காட்டுத் தொழில்நுட்பம் கைமாறும் என்று கூறப்பட்டது. எஞ்சிய 20 விழுக்காட்டில் எவை அடங்கும் என்பதே உண்மையான கேள்வி. வெப்ப மையத்தின் வடிவமைப்பு அறிவு அதில் இருந்தால், 80 என்ற எண்ணுக்குப் பொருளில்லை. 2025 ஆகஸ்டில், ஐந்தாம் தலைமுறை ஆம்கா விமானத்துக்கான எஞ்சினைப் பிரான்சின் சாஃப்ரான் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கப்போவதாகப் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் அறிவித்தார். கூட்டு வடிவமைப்பு என்பது உரிமத் தயாரிப்பைவிட நல்ல வழி. அதன் பலனை மூன்று நிபந்தனைகள் தீர்மானிக்கும்: அறிவுசார் உடைமை இந்தியாவுக்கு முழுமையாக உரியதாதல், தோல்வித் தரவுகள் உட்படச் சோதனை முடிவுகள் அனைத்தும் பகிரப்படுதல், உயரச் சோதனைக் கூடமும் பறக்கும் சோதனை விமானமும் இந்திய மண்ணில் அமைதல்.

சாஃப்ரானுடனான பேச்சுவார்த்தையில் இந்தியா வெறுங்கையோடு அமரவில்லை. ஹைதராபாத்தின் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வுக்கூடம் ஹெலிகாப்டர் எஞ்சினுக்கு ஒற்றைப்படிக பிளேடுகளை வார்த்திருக்கிறது. சென்னை ஐஐடியின் தேசிய எரிப்பியல் ஆய்வு மையம் எரிப்பறை அதிர்வுகளை ஆராய்கிறது. எதைக் கேட்பது என்று தெரிந்த பொறியாளர்களைக் காவேரி உருவாக்கியிருக்கிறது. அத்திட்டத்தின் மிகப் பெரிய ஈட்டம் அவர்கள்தாம்.

7. முடிவுரை

மலேசியா முழு எஞ்சின் வடிவமைக்க வேண்டும் என்று இக்கட்டுரை கோரவில்லை. சிலாங்கூரின் செரெண்டாவில் யுஎம்டபிள்யூ ஏரோஸ்பேஸ் ரோல்ஸ்-ராய்ஸ் டிரென்ட் எஞ்சின்களுக்கு விசிறி உறைகள் செய்கிறது. பினாங்கின் நிபோங் திபாலில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் வான்வெளிப் பொறியியல் கல்வி நடக்கிறது. பாகம் செய்யும் ஆலைக்கும் ஏன் என்று கேட்கும் ஆய்வுக்கூடத்துக்கும் இடையே பாலம் அமைவது மலேசியாவின் அளவுக்கு எட்டும் இலக்கு. விமானக் கொள்முதலோடு வரும் தொழில் ஒத்துழைப்பு உடன்பாடுகளை வேலைவாய்ப்பு எண்ணிக்கையால் மட்டும் அளக்காமல், வெப்ப உலோகவியலிலும் எஞ்சின் பழுதாய்விலும் எத்தனை மாணவர் ஆழப் பயின்றனர் என்பதாலும் அளக்க வேண்டும்.

இந்தியாவுக்கான முடிவு இன்னும் தெளிவானது. அயல் எஞ்சினை வாங்குவதும் சொந்த எஞ்சினை வளர்ப்பதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டிய பணிகள். ஒன்றின் நிதியைக் குறைத்து மற்றதை நடத்தக் கூடாது. சாஃப்ரானோடு உடன்பாடு வந்துவிட்டது என்று காவேரி அணியைக் கலைத்தால், கைமாறி வரும் அறிவை ஏற்றுக்கொள்ளும் கைகளையே இந்தியா இழக்கும். வெளியார் தரும் நுட்பத்தின் பயன், பெறுபவரின் சொந்த உழைப்பின் அளவுக்கே விளையும்.