உவமைகள் ஏன் கூத்தாகவில்லை? புத்தளக் கரையோரக் கத்தோலிக்க நாடக மரபு பற்றிய ஒரு நோக்கு

மன்னாரிலிருந்து கற்பிட்டி, சிலாபம் ஊடாக நீர்கொழும்புவரை செல்லும் கரையோரம் ஈழத்துக் கத்தோலிக்க நாடக மரபின் முக்கிய நிலைக்களங்களுள் ஒன்றாகும். மன்னார்ப் பகுதி நாடகங்களைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பதிப்பித்தார். சிலாபத்துக் கபிரியேல் பெர்னாண்டோவின் பெயரோடு வழங்கும் சிங்கள மூவிராசாக்கள் நாடகம் இம்மரபு மொழியெல்லை கடந்தமைக்குச் சான்று. இன்னிசை, தரு, விருத்தம் ஆகிய தமிழ்ச் சொற்கள் சிங்கள நாடகமவில் சிறிது திரிந்து வழங்கின. அதில் ஒலித்த மத்தளத்துக்குத் ‘தெமள பெரய’, அதாவது தமிழ்ப் பறை என்றே பெயர். 1956இல் அரங்கேறிய ‘மனமே’ தன் வடிவத்துக்கு இம்மரபையே நாடியது.

எனினும் ஒன்று கவனிக்கத்தக்கது. வித்தியானந்தன் பதிப்பித்த ‘என்றீக்கு எம்பரதோர்’, ‘மூவிராசாக்கள்’, ‘ஞானசவுந்தரி’ ஆகிய மூன்றும் அரசரையும் அரசியரையும் பற்றியன. புனிதர் வரலாறும் யேசுவின் பாடுகளும் மேடையேறின. ஆனால், யேசு தம் வாயாற் கூறிய கதைகளான ஊதாரி மைந்தன், நல்ல சமாரியன், திராட்சைத் தோட்டத் தொழிலாளர் ஆகியன இம்மரபிற் குறிப்பிடத்தக்க இடம் எதனையும் பெறவில்லை.

மக்கள் அவற்றை அறியாதிருந்தனர் என்று கொள்வதற்கில்லை. ஒல்லாந்தர் கத்தோலிக்க மதத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், 1690இல், யோசேவாஸ் அடிகள் புத்தளத்திற் பணியாற்றினார். 1705இல் கோவாவிலிருந்து வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் இன்றைய புத்தளம் மாவட்டத்துப் போலவத்தையில் தங்கியிருந்து, தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றி, 1742இல் அங்கேயே மறைந்தார். அவரது ‘சுவிசேஷ விரித்துரை’ ஞாயிறு வாசகங்களைத் தமிழில் விளக்குவது. ஆகவே உவமைகள் கோவிலில் ஒலித்தன. கோவில் முற்றத்து மேடைக்குத்தான் வரவில்லை.

காரணத்தைக் கூத்தின் அமைப்பிலேயே தேடவேண்டும். கூத்தில் ஒவ்வொரு பாத்திரமும் வரவுப்பாட்டோடு தோன்றித் தன் பெயரையும் பெருமையையும் சொல்கிறது. கட்டியகாரன் கட்டியங்கூற மன்னன் கொலுவுக்கு வருகிறான். உவமை மாந்தருக்கோ பெயரில்லை. ‘ஒரு மனிதன்’, ‘ஒரு வீட்டுத்தலைவன்’, ‘கூலியாட்கள்’, அவ்வளவே. (லூக்கா சொல்லும் பிச்சைக்காரன் லாசர் விதிவிலக்கு. அங்கும் பெயர் பெறுபவன் ஏழை, செல்வனுக்குப் பெயரில்லை.) பெயரில்லாதவனுக்கு வரவு பாடுவது எவ்வாறு? கடனாளிக்கு உடுப்பும் முடியும் ஏது? அன்றியும், கூத்துக்கள் பல நேர்த்திக்கடனாக ஆடப்பட்டவை. நோய் தீரவும் கடலில் உயிர் தப்பவும் மக்கள் புனிதரிடமே நேர்ந்தனர். பெயரற்ற கூலியாளிடம் எவரும் நேரவில்லை. அரசனை நடுவில் நிறுத்திய அழகியலுள் நாட்கூலி பற்றிய கதை இடம்பெறாமற் போனதில் வியப்பில்லை. ஐரோப்பாவிற்கூட ஊதாரி மைந்தன் நாடகத்துக்குப் பெருவழக்கு வந்தது சமயச் சீர்திருத்தக் காலத்திலேயே: புர்க்கார்ட் வால்டிஸின் நாடகம் 1527இல் ரீகா நகரில் மேடையேறியது, நாஃபெயுஸின் ‘அக்கொலாஸ்துஸ்’ 1529இல் வெளிவந்தது.

இங்கு மாற்றம் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதிக்குரியது. 1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டிற் சுயமொழிக்கு இடமளித்தது. பாடசாலை ஒளிவிழாவும் மறைக்கல்வி வகுப்பும் குறுநாடகத்தை வளர்த்தன. கால்மணி நேர நாடகத்துக்கு அண்ணாவியார் வேண்டியதில்லை. சாரமும் சட்டையுமே உடுப்பு. உவமைக்கு ஏற்ற வடிவம் இதுவே. அதனை இக்கரைக்குக் கொண்டுவரப் பெருமுயற்சியும் வேண்டியதில்லை. மத்தேயு 13ஆம் அதிகாரத்து வலையைக் குறிக்கும் ‘சகேனே’ என்னும் கிரேக்கச் சொல் கரைவலை போன்ற இழுவலையையே சுட்டுகிறது. உடப்பிலும் சிலாபத்திலும் கயிறு பிடித்தவருக்கு அதனை விளக்கிச்சொல்ல வேண்டுமா? தூரதேசம் சென்ற மைந்தனைப் பற்றியும், இத்தாலிக்குப் பிள்ளைகளை அனுப்பிய வென்னப்புவவில் அதிகம் சொல்லவேண்டியதில்லை.

வடிவம் கிட்டிய காலத்தில் மொழி கைநழுவியது என்பதே இவ்வரலாற்றின் முரண். சிலாபக் கரையோரக் கத்தோலிக்கப் பாடசாலைகளின் கல்விமொழி நூற்றாண்டின் நடுப்பகுதியையொட்டித் தமிழிலிருந்து சிங்களத்துக்கு மாறியது. பழைய நாடகம் ஏட்டுமொழியில் நின்றதால் மெட்டோடு சிங்களத்துக்குப் பெயர்ந்தும் வாழ முடிந்தது. உவமைக் குறுநாடகம் அத்தகையதன்று. தெருவிலும் வாடியிலும் பேசும் பேச்சே அதன் உயிர்.

திராட்சைத் தோட்ட உவமையை எடுத்துக்கொள்வோம். இங்கே தோட்டம் உப்பளமாகலாம், தென்னந்தோட்டமாகலாம், கற்பிட்டியின் வெங்காயத் தோட்டமாகவும் ஆகலாம். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பெருந்தொகையினர் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் தஞ்சமடைந்தனர். உள்ளூரவர் முதலில் உணவும் இடமும் கொடுத்தனர். ஆண்டுகள் செல்ல, வந்தவர்கள் குறைந்த கூலிக்கு இசைகிறார்கள் என்ற மனக்குறை எழுந்தது. இருசாராரையும் மோதவிட்டது கூலியைத் தாழ்த்தி வைத்த உழைப்புச் சந்தையே என்பது என் கருத்து. உவமையிலும் விடியற்காலை வந்தவர்கள் மாலை ஐந்து மணிக்கு வந்தவர்களைப் பார்த்தே முணுமுணுக்கின்றனர். ஆனால் அங்கே முதலாளி கூலியைக் குறைக்கவில்லை. கடைசியாக வந்தவனுக்கும் முழுநாட் கூலி கொடுக்கிறான். இக்கரையில் இதனை எழுதுபவர் அந்த வேறுபாட்டை மறைத்துவிட்டால் நாடகம் வெறும் நல்லுபதேசமாகிவிடும்.

கடைசியாக வந்தவர்களுக்கு உவமையில் ஒரேயொரு வசனமே உண்டு: தங்களை ஒருவரும் வேலைக்கு அழைக்கவில்லை என்பது. சிலாபத்துக்குத் தெற்கே ஒரு கோவில் முற்றத்தில் அதனை நடித்தால், அவ்வசனம் தமிழில் ஒலித்தாக வேண்டும். ஒருகாலத்தில் தமிழ்க் கூத்து ஆடியவர்களின் பேரப்பிள்ளைகளிற் பலருக்கு அதனைச் சிங்களத்தில் எடுத்துச்சொல்ல வேண்டியிருக்கும்.