யவனர் ஜாடியில் வந்த ஒயின்

இந்த எபிசோடுக்குக் காரணம் விருத்தாசலத்துக்காரர் ஒருத்தர் கேட்ட கேள்வி. செராமிக் படிச்சவர். பெங்களூருல குறைஞ்ச கட்டணத்துல நடக்கிற ஒயின் டேஸ்டிங்குக்கு முதல் தடவையா போகப்போறாராம். "நமக்கும் ஒயினுக்கும் என்னங்க சம்பந்தம்? அங்கே போய் முழிக்கப்போறேன்" என்று எழுதியிருந்தார்.

சம்பந்தம் இருக்கு, 2000 வருஷத்துச் சம்பந்தம். அதுக்குச் சாட்சி அவர் படிச்ச பொருள்தான்: சுட்ட மண்.

விருத்தாசலம்னா பீங்கான் பொம்மை, ஃப்யூஸ் கேரியர், நெய்வேலிச் சுரங்கத்துல கிடைக்கிற வெள்ளைக் களிமண். செராமிக் தொழில்நுட்பம் படிக்கவே அங்கே ஓர் அரசுக் கல்வி நிலையம் இருக்கு. உடைஞ்ச துண்டைக் கையில் கொடுத்தா என்ன மண், எப்படிச் சுட்டதுன்னு சொல்லக்கூடியவங்க இருக்கிற ஊர். தொல்லியல்காரங்க செய்றதும் அதேதான். குடிச்ச ஒயின் போயிடும். ஜாடி உடைஞ்சாலும் மண்ணுக்குள்ள கிடக்கும்.

1944-ல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராக வந்த மார்ட்டிமர் வீலர், மெட்ராஸ் அருங்காட்சியகத்து அலமாரியில் ஒரு ஜாடியின் கழுத்தையும் கைப்பிடியையும் பார்த்தார். பார்த்ததுமே அவருக்குத் தெரிஞ்சுபோச்சு, இது ஆம்போரா, ரோமானியர்கள் ஒயினும் எண்ணெயும் ஏற்றி அனுப்பிய ஜாடி என்று. அது கிடைச்ச இடம் புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கிற அரிக்கமேடு. 1945-ல் அங்கே அகழாய்வு நடத்தினார்.

ஆம்போராவுக்கு இரண்டு கைப்பிடி, கூர்மையான அடி. கப்பலின் அடித்தளத்தில் வரிசை வரிசையாகச் செருகி அடுக்க அந்த வடிவம் வசதி. ஊற்றும்போது அந்தக் கூர்முனையே மூன்றாவது கைப்பிடி. ஆம்போரான்னு ரோமானியர்களிடம் ஓர் அளவும் உண்டு. இன்றைய கணக்கில் சுமார் 26 லிட்டர்.

1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் அரிக்கமேட்டில் மறுபடியும் அகழாய்வு நடந்தது. அங்கே கிடைச்ச ஆம்போரா துண்டுகளை எலிசபெத் லைடிங் வில் என்ற அறிஞர் ஆராய்ந்தார். கிரேக்கத் தீவான கோஸ் பாணி ஜாடிகள் அதில் நிறைய. இரண்டு உருளைகளை ஒட்டவைச்ச மாதிரி இருக்கும் கைப்பிடிதான் அடையாளம். சில துண்டுகளின் மண்ணில் கறுப்பு எரிமலை மணல் கலந்திருக்கு. அது இத்தாலியில் வெசூவியஸ் மலையைச் சுற்றியுள்ள காம்பானியா பகுதி மண். எல்லா ஜாடியும் ஒயின் ஜாடி இல்லை. ஆலிவ் எண்ணெயும் மீன் சாறும் வந்த ஜாடிகளும் உண்டு.

சரி, அந்த ஒயின் எப்படி ருசிச்சிருக்கும்?

கோஸ் ஒயினில் கடல்தண்ணீர் கலப்பாங்க. கி.மு. 2-ம் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் கேட்டோ அதன் செய்முறையையே எழுதி வைச்சிருக்கார்: திராட்சை அறுவடைக்கு 70 நாள் முன்னாடி, காற்றில்லாத நாளில், கரையை விட்டு விலகிப்போய் கடல்தண்ணீர் எடுக்கணும். உப்பு சேர்ந்தா ஒயின் சீக்கிரம் கெடாது. அதோட ஜாடி கசியாமல் இருக்க உள்ளே மரப்பிசின் பூசுவாங்க. ஆக உப்பு, புளிப்பு, பிசின் வாசனை. கிரீஸில் இன்னைக்கும் ரெட்சினா என்ற ஒயினில் பைன் மரப்பிசின் சேர்க்கிறாங்க.

வந்த வழியும் லேசானது இல்லை. அலெக்ஸாண்ட்ரியாவில் இருந்து நைல் நதி வழியாகப் படகில், பிறகு ஒட்டகத்தில் பாலைவனம், அப்புறம் செங்கடல். செங்கடல் வாயிலில் இருக்கிற ஓகேலிஸ் துறையில் இருந்து பருவக்காற்றைப் பிடிச்சா 40 நாளில் முசிறி என்று பிளினி எழுதுகிறார்.

வந்து சேர்ந்த சரக்கை யார் குடிச்சாங்க? புறநானூற்றின் 56-ம் பாட்டு பாண்டியன் நன்மாறனைப் பற்றி நக்கீரர் பாடியது. யவனர் கொண்டுவந்த குளிர்ந்த, மணமான தேறலை, வளையணிந்த பெண்கள் பொற்கிண்ணத்தில் ஏந்தித் தர, நீ நாள்தோறும் மகிழ்ந்திரு என்று வாழ்த்துகிறார். அதில் வரும் 'கலம்' என்ற சொல்லுக்குக் கப்பல்னும் பொருள் உண்டு, பாத்திரம்னும் பொருள் உண்டு. யவனர் தேறலைக் கப்பலில் கொண்டுவந்தாங்களா, ஜாடியில் கொண்டுவந்தாங்களா என்று இரண்டு விதமாகவும் படிக்கலாம். ஜாடி கப்பலில்தானே வந்தது, இரண்டும் பொருந்தும்!

இங்கேதான் விஷயம் இருக்கு. அதே கேட்டோ இன்னொரு செய்முறையும் தர்றார். திராட்சைச் சாறோடு காடி, நிறையத் தண்ணீர், கொஞ்சம் கடல்தண்ணீர் சேர்த்த மலிவு ஒயின். குளிர்காலத்தில் பண்ணை அடிமைகளுக்குக் கொடுக்க. கோஸ் ஒயின் அந்த அளவுக்கு மட்டமில்லை. ஆனா இத்தாலியில் பெரிய மனுஷங்க பெருமையாகச் சொன்ன பெயர் ஃபலேர்னியன்தான். கடல்தண்ணீர் கலந்த ஒயின் அங்கே அன்றாடச் சரக்கு. அதே வகைச் சரக்கு பல நீர்வழிகளும் ஒரு பாலைவனமும் கடந்து நம்ம கரையில் இறங்கியதும் அபூர்வப் பொருள். நக்கீரர் அந்தத் தேறலின் ருசியை அலசவில்லை. தூரத்தில் இருந்து வந்தது, குளிர்ச்சியானது, மணமானது, பொற்கிண்ணத்தில் தரப்படுவது, இவ்வளவுதான் சொல்கிறார். இன்னைக்கும் ஒரு பாட்டில் விலையில் எவ்வளவு ஒயினுக்கு, எவ்வளவு தூரத்துக்கு, வரிக்கு, பெயருக்குன்னு பிரிச்சுப் பார்த்தா இதே கதைதான்.

அதனால டேஸ்டிங் மேஜையில் யாராவது ஊர்ப்பேரும் வருஷமும் அடுக்கினா பயப்பட வேண்டாம். யவனர் தேறலை இங்கே முதல்ல வாயில் வைச்ச நம்மாளும் அந்த விஷயத்தில் புதுசுதான். புளிப்பு எவ்வளவு, துவர்ப்பு எவ்வளவு, என்ன வாசனைன்னு உங்களுக்குத் தோன்றியதைச் சொல்லுங்க. எந்தக் கலத்தில் ஊறியதுன்னும் கேளுங்க, மரப்பீப்பாயா, ஸ்டீல் தொட்டியா, மண்ஜாடியா என்று. ஜார்ஜியா நாட்டில் மண்ணில் புதைச்ச பெரிய ஜாடியில் இன்னைக்கும் ஒயின் ஊறுது. மண்ஜாடின்னு பதில் வந்தா, அந்த மேஜையில் அதைப் பற்றிப் பேச செராமிக் படிச்சவரை விடப் பொருத்தமான ஆள் கிடையாது.

அரிக்கமேட்டுப் பொருட்களைப் பார்க்க விரும்புறவங்க புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குப் போகலாம்.