சைன் பின்னால் ஒட்டிய எஃப்: ஒரு குட்டி வரலாறு

தண்டலம் பக்கம் இன்ஜினியரிங் படிக்கும் நம்மில் பலர் சி மொழியில் சைன்எஃப் என்ற ஃபங்ஷனைப் பார்த்திருப்போம். அந்த எஃப் எதற்கு? கொஞ்சம் பின்னோக்கிப் போவோம்.

1957-ல் ஜான் பேக்கஸ் குழு ஐபிஎம் 704 கணிப்பொறிக்காக ஃபோர்ட்ரான் மொழியை வெளியிட்டது. அதிலும் சைன்எஃப் இருந்தது! ஆனால் அங்கே எஃப் என்றால் 'ஃபங்ஷன்'. இது அரே இல்லை, ஃபங்ஷன் என்று கம்பைலருக்குச் சொல்லும் அடையாளம், அவ்வளவுதான். 1960-களில் வந்த ஃபோர்ட்ரான் 4 அந்த எஃப்பைக் கழற்றிவிட்டது.

அதற்குப் பிறகு முன்னெழுத்துகளின் காலம். வெறும் சைன் என்றால் சிங்கிள் பிரிசிஷன், டி-சைன் என்றால் டபுள் (துணிக்கடை டிசைன் இல்லை :-)). லாக் மட்டும் ஏ-லாக் ஆனது. ஏன்? ஐ முதல் என் வரையுள்ள எழுத்தில் தொடங்கும் பெயர்கள் முழு எண் என்பது ஃபோர்ட்ரான் வழக்கம். எல் அதற்குள் மாட்டிக்கொள்ளும்!

இந்த ஒரு எழுத்து எவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் ஊர் உதாரணம் உண்டு. ஜெர்மன் உதவியோடு வளர்ந்த சென்னை ஐஐடிக்கு 1973-ல் ஐபிஎம் 370/155 வந்தது. அதில் சிங்கிள் எண்ணுக்கு 32 பிட். எண்ணின் இலக்கங்களுக்கு அதில் 24 பிட்தான். 16-ஐ அடிமானமாகக் கொண்ட முறை என்பதால், சில எண்களில் முதல் 3 பிட் பூஜ்யமாகவே வீணாகும். மிஞ்சுவது சுமார் 6 தசம இலக்கம். டபுளில் சுமார் 16. ஆனால் நினைவகம் இரட்டிப்பாகச் செலவாகும். டி போடலாமா வேண்டாமா என்பதை எழுதுபவர்தான் முடிவு செய்ய வேண்டும். சிங்கிள் விடையை டபுள் மாறியில் போட்டாலும் போன இலக்கங்கள் திரும்பி வராது.

ஃபோர்ட்ரான் 77 இந்தச் சுமையைக் குறைத்தது. சைன் என்று எழுதினால் போதும், உள்ளே தரும் எண்ணின் வகையைப் பார்த்து கம்பைலரே தேர்ந்தெடுக்கும். 1985-ல் ஐஇஇஇ 754 தரம் வந்து, சிங்கிளுக்குச் சுமார் 7 இலக்கம் என்று ஒழுங்கானது. ஃபோர்ட்ரான் 2018 தரம் டி-சைன், ஏ-லாக் போன்ற பழைய பெயர்களை வழக்கொழிய வேண்டியவை என்று ஒதுக்கிவிட்டது.

ஆனால் ஒரு பொறி இன்னும் இருக்கிறது. ஃபோர்ட்ரானில் வெறும் 0.1 என்று எழுதினால் அது சிங்கிள்தான்! கணிப்பொறி வைத்துக்கொள்வது 0.10000000149... அதை சைனுக்குக் கொடுத்தால் விடையும் சிங்கிளில்தான் வரும். 0.1டி0 என்று எழுதினால்தான் டபுள். பெயரில் இருந்து போன டி, எண்ணுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

சரி, நம்ம சி மொழி எஃப்? 1999 தரத்தில் வந்த அந்த எஃப்புக்கு அர்த்தம் 'ஃப்ளோட்', அதாவது சிங்கிள். 42 வருடத்தில் அதே பெயர், வேறு பொருள்.

அடுத்த லேபில் திரையில் 15 இலக்கம் வந்தால் சந்தோஷப்படுவதற்கு முன்னால், அதில் எத்தனை நிஜம் என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்!