விடாத கருப்பும் நாகாவும்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தின் ஆலை மதில்களைக் கடந்து செல்லும்போதெல்லாம் எங்களுக்கு ஒரு காலப்பொருத்தம் நினைவுக்கு வரும். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் 1996இல் கால்கோள் இட்டு, 1998இல் முதல் சான்ட்ரோ காரை வெளியே அனுப்பியது. அதே 1990களின் பிற்பகுதியில்தான் தமிழ் வீடுகளின் தொலைக்காட்சிப் பெட்டிக்குள் வெள்ளைக் குதிரையேறி ஒரு காவல் தெய்வம் நுழைந்தது. வயல்கள் தொழிற்பேட்டையாக மாறிக்கொண்டிருந்த ஆண்டுகளில், எல்லைச்சாமியை எண்ணி நகரத்தாரும் நடுங்கினர். அந்த நடுக்கத்தைக் காட்சியாக்கியவர் இயக்குநர் நாகா.

‘மர்மதேசம்’ பற்றிப் பேச்செடுத்தால் கதாசிரியர் இந்திரா சௌந்தர்ராஜனின் பெயர் முதலில் வரும். தயாரித்த மின்பிம்பங்களின் பின்னிருந்த கே.பாலசந்தரின் பெயர் அடுத்து வரும். இரண்டும் நியாயமே. ஆயினும் மூன்றாவது பெயரை நாம் போதிய அளவு பேசவில்லை என்பதே இக்கட்டுரைக்கான காரணம்.

தொடரின் முதற்பகுதியான ‘ரகசியம்’ நவபாஷாண லிங்கத்தையும் ஒரு கோயிலையும் சுற்றி அமைந்தது. அடுத்து வந்த ‘விடாது கருப்பு’ தென்மாவட்டக் கிராமம் ஒன்றின் கதை. குற்றம் செய்தவரைக் கருப்பசாமி தண்டிக்கிறார் என ஊர் நம்புகிறது. முடிவில் விடை தெய்வத்திடம் இல்லை; பிளவுண்ட மனித மனத்திடம் இருக்கிறது. மூலநாவலின் பெயர் ‘விட்டுவிடு கருப்பா’ என்பதை இங்கே கவனிக்க வேண்டும். நாவலின் தலைப்பு மனிதனின் மன்றாட்டு. தொடரின் தலைப்போ அதற்குக் கிடைத்த மறுப்பு.

பேயுருவைக் காட்டி அச்சுறுத்துவது நாகாவின் முறை அன்று. இரவில் கேட்கும் குளம்படி, ஆளில்லாத வெளி, ஒரு சிறுவனின் விழித்த கண்கள் ஆகியவற்றைக் கொண்டே அவர் அச்சத்தைத் திரட்டினார். கதை இரு காலங்களுக்கிடையே ஊடாடியது. அடுத்த வாரம் வரை காத்திருக்க வேண்டியிருந்த வாராந்திர ஒளிபரப்பும் அவருக்குத் துணை செய்தது. அந்த ஏழு நாள்களில் பாதிக் கதையைப் பார்வையாளரே தம் அச்சத்தால் எழுதிக்கொண்டனர்.

இவரை மர்மக்கதைக்காரர் என்று மட்டும் அடைத்துவிடவும் இயலாது. ஒரே பெயர் கொண்ட தம்பதியரை வைத்து அவர் இயக்கிய ‘ரமணி வெர்சஸ் ரமணி’ நகைச்சுவைத் தொடர். பின்னர் 2004இல் தொடங்கிய ‘சிதம்பர ரகசியம்’ வழியாக, நாடி ஜோதிடத்தையும் கொலைப் புலனாய்வையும் பின்னியபடி மீண்டும் இந்திரா சௌந்தர்ராஜனின் உலகுக்குத் திரும்பினார்.

திரைப்படம் தாமதமாகவே வாய்த்தது. இயக்குநர் ஷங்கரின் தயாரிப்பில் 2010இல் வெளிவந்த ‘ஆனந்தபுரத்து வீடு’ படத்தில் ஆவிகள் பழிவாங்க வரவில்லை. இறந்துபோன பெற்றோர் மகனின் குடும்பத்தைக் காக்கவே வீட்டில் தங்கியிருக்கின்றனர். அடுத்த ஆண்டே ‘காஞ்சனா’ வந்து பெருவெற்றி கண்டது. அதன்பின் தமிழ்ப் பேய்ப்படம் பெரும்பாலும் சிரிப்பும் அலறலும் கலந்த வழியிலேயே சென்றது. நாகாவின் தணிந்த குரலுக்கு அந்தச் சந்தையில் இடம் குறுகிப்போயிற்று.

மெக்சிகோவின் கார்லோஸ் என்ரிக்கே தபோவாதாவை இவ்விடத்தில் எண்ணிக்கொள்கிறோம். 1968 முதல் அவர் எடுத்த திகில் படங்கள் ஒரு கைவிரல் எண்ணிக்கைக்குள் அடங்கும். பழைய வீடும் பள்ளிவிடுதியும் குழந்தைகளுமே அவரது களம். அந்தச் சில படங்களே அவரைத் தம் நாட்டுத் திகில் மரபின் முன்னோடியாக நிறுத்தின. அங்கே அவை திரைப்படங்களாக இருந்ததால் அந்த மதிப்பு கூடிற்று. இங்கே நாகாவின் முதன்மையான ஆக்கங்கள் சின்னத்திரையில் அமைந்துவிட்டன. திரை சிறிதென்றால் கலைஞனும் சிறியவனே என்னும் எண்ணம் நம் விமர்சனத்தில் இன்னும் அகலவில்லை.

பாலசந்தர் 2014இலும் இந்திரா சௌந்தர்ராஜன் 2024இலும் மறைந்தனர். பழைய பகுதிகள் இணையத்தில் காணக் கிடைக்கின்றன. அடுத்தமுறை அவற்றைப் பார்ப்போர், குளம்படி ஓசை எங்கே தொடங்கி எங்கே நிறுத்தப்படுகிறது என்பதைச் சற்றுக் கவனித்துக் கேட்க வேண்டும் என விழைகிறோம். அந்த நிறுத்தத்தில்தான் இயக்குநர் இருக்கிறார்.