இராவணனின் இலங்கை எங்கே இருந்தது, இன்று யாருடையது?

ஆங்கிலப் புனைகதைகளில் தீய அரசனின் நாடு பெரும்பாலும் சாம்பல் பூத்த நிலமாகவே இருக்கும். 1954–55இல் வெளிவந்த டோல்கினின் 'த லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' நாவலில் வரும் மோர்டோர் அதற்குப் பேர்போன உதாரணம். மூன்று பக்கம் மலை, நடுவே நெருப்பைக் கக்கும் குன்று, புல் முளைக்காத சமவெளி. எங்கள் பக்கத்துக் கதை இதற்கு நேர்மாறானது. இராவணனின் இலங்கையை வான்மீகியும் கம்பனும் பொன் மதிலும் சோலையும் இசையும் நிறைந்த ஊராகவே காட்டினார்கள். அதைச் சாம்பலாக்கியது வெளியிலிருந்து வந்த நெருப்பு.

வான்மீகி காட்டும் இலங்கை, தென்கடல் நடுவே திரிகூட மலையின் உச்சியில் விசுவகருமா கட்டிய நகரம். அகழியும் மதிலும் நான்கு வாயில்களும் உடையது. யுத்த காண்டத்தில் கிழக்கு வாயிலைப் பிரகத்தனும் மேற்கை இந்திரசித்தும் காக்கிறார்கள். வடக்கில் இராவணனே நிற்கிறான். இந்த நகரத்துக்கு ஒரு முன்கதையும் உண்டு. உத்தர காண்டத்தின்படி, முதலில் அங்கு குடியிருந்தவர்கள் மாலி, சுமாலி, மாலியவான் ஆகிய அரக்க சகோதரர்கள். போரில் தோற்று அவர்கள் வெளியேற, வெறிச்சோடிய ஊருக்குக் குபேரன் வந்தான். பின்னர் சுமாலியின் பேரனான இராவணன், தன் தமையன் முறையான குபேரனிடமிருந்து அதைத் திரும்பப் பெற்றான். குடியெழும்பிப் போனவர்களின் பேரன் மீண்டு வந்து ஊரைக் கேட்ட கதை என்றும் இதை வாசிக்கலாம்.

அந்த இலங்கைதான் இந்த இலங்கையா? ஆராய்ச்சியாளர்களிடையே இதில் ஒருமித்த கருத்து இல்லை. வான்மீகி கணக்கில் கடலின் அகலம் நூறு யோசனை. ஒரு யோசனையை எட்டுக் கிலோமீற்றர் என்று குறைத்து எடுத்தாலும் எண்ணூறு கிலோமீற்றர் வரும். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே இருப்பதோ ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர். பழைய வானியல் நூலான சூரிய சித்தாந்தம் இலங்கையை நிலநடுக்கோட்டில், உச்சயினிக்கு நேர் தெற்கே வைக்கிறது. வராகமிகிரரின் பிருகத் சங்கிதை இலங்கையையும் சிங்களத்தையும் வெவ்வேறு நாடுகளாக எண்ணுகிறது. தொல்லியலாளர் எச்.டி. சங்காலியா, இராவணனின் ஊர் மத்திய இந்தியக் காட்டுப் பகுதியில் இருந்திருக்க வேண்டும் என்று வாதிட்டார்.

ஆனால் மக்கள் மனம் யோசனைக் கணக்குப் பார்ப்பதில்லை. 1983க்குப் பின் மன்னார்க் கரையில் படகேறி, நடுக்கடல் மணல் திட்டுகளில் இறக்கிவிடப்பட்டு, யாராவது வந்து ஏற்றுவார்களா என்று காத்திருந்தவர்களுக்குச் சேது கதையிலுள்ள பாலம் மட்டுமல்ல. அதே திட்டுகளில் 2022 பொருளாதார நெருக்கடியின்போதும் குடும்பங்கள் காத்திருந்தன.

யாழ்ப்பாணத்தின் பழைய நினைவும் இந்தக் கதையோடு பின்னியிருக்கிறது. ஆரியச் சக்கரவர்த்திகள் தங்கள் நாணயங்களில் நந்தியோடு 'சேது' என்ற சொல்லைப் பொறித்தார்கள். ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலை, குடாநாட்டின் கதையையே இராவணனுக்குப் பின் ஆண்ட விபீடணனிலிருந்து தொடங்குகிறது. விபீடணனின் சபையில் யாழ் வாசித்தவன் பரிசாகப் பெற்ற மணற்றிடல்தான் யாழ்ப்பாணம் என்று ஓர் ஐதிகமும் உண்டு. வரலாறாக இதை எடுக்க முடியாது. ஆனாலும் வீணைக் கொடியோனின் வீட்டிலிருந்து ஊருக்குப் பெயர் தேடிய கற்பனை எனக்குப் பிடித்திருக்கிறது.

திருகோணமலையில் கதை கல்லிலேயே இருக்கிறது. கோணேசர் மலைப் பிளவுக்கு 'இராவணன் வெட்டு' என்று பெயர். நோயுற்ற தாய்க்காக மலையைப் பெயர்க்க முயன்றான் என்பது ஐதிகம். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் கோணமலையைப் பாடியபோது, தம் வழக்கப்படி எட்டாம் பாடலில் இராவணனையும் வைத்தார். சைவ மரபில் அவன் நொறுங்கிய பின் அருள் பெற்ற அடியவன். வெறும் தீயவன் அல்ல. தமிழகத்தில் புலவர் குழந்தை 1946இல் எழுதிய 'இராவண காவியம்' அவனைக் காவிய நாயகனாக்கியது. 1948இல் தடை செய்யப்பட்ட அந்நூலின் தடை 1971இல்தான் நீங்கியது. இங்கே 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் மேடையேற்றிய 'இராவணேசன்' கூத்தில் சி. மௌனகுரு இராவணனாக ஆடினார்.

சிங்களப் பக்கத்தில் நடந்த மாற்றம் இன்னும் சுவாரசியமானது. மகாவம்சத்தில் இராவணன் இல்லை. விசயன் வரும்போது இங்கிருந்தவர்கள் இயக்கர் என்கிறது அது. இலங்காவதார சூத்திரம் என்ற மகாயான நூலில் மட்டும் இராவணன் புத்தரை வரவேற்கும் இயக்கர் தலைவன். பிற்கால இராஜாவலியவோ, அவனுடைய தீமையால்தான் கடல் நிலத்தை விழுங்கியது என்றது. வழிபாடு கிடைத்தது விபீடணனுக்கே; களனியில் இன்றும் அவனுக்குக் கோயில் உண்டு. நாம் காட்டிக்கொடுப்பவனுக்கு வைக்கும் பெயர் அங்கே காவல் தெய்வத்தின் பெயர்! கடந்த சில பத்தாண்டுகளில்தான் இராவணன் சிங்களவரின் ஆதி மன்னனாக, விமானம் ஓட்டிய விஞ்ஞானியாக உயர்த்தப்பட்டான். 2019இல் விண்ணுக்குச் சென்ற நாட்டின் முதல் செய்மதியின் பெயரும் 'இராவணா–1'. மலையகத்தில் சீதா எலியவும் எல்லவின் இராவணன் நீர்வீழ்ச்சியும் இராமாயணச் சுற்றுலாவின் தரிப்பிடங்கள்.

கதையை யார் சொல்கிறார்கள் என்பது வெறும் இலக்கியச் சண்டையாக இருந்தால் விட்டுவிடலாம். கன்னியாவில் அது காணிச் சண்டை. தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் ஏழு இடங்களில் குத்தியதால் ஊறியவை என்று தமிழர் நம்பும் வெந்நீர்க் கிணறுகள் அவை. இறந்தவர்களுக்கான கிரியைகளைத் தமிழர் அங்கே செய்துவந்தார்கள். போருக்குப் பின் இடம் தொல்லியல் திணைக்களத்தின் பிடிக்குள் வந்தது. சிதைந்த பிள்ளையார் கோயில் இருந்த மேட்டில் விகாரை எழுப்பும் முயற்சிக்கு எதிராக 2019 யூலையில் மக்கள் திரண்டார்கள், பொலிசார் வழிமறித்தனர். அதே மாதம் திருகோணமலை மேல் நீதிமன்றம் கட்டுமானத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. வழக்கில் பேசப்பட்டது அந்த மேட்டின் உரிமை. கிணறுகளைத் தோண்டியவன் என்று ஊர் சொல்பவன் அதில் தரப்பினன் அல்லன்.